அயர்லாந்தில் 1922 உள்நாட்டுப் போர் வடக்கைப் பிரித்ததற்காக நடந்ததா?

"பிரிட்டனை எதிர்த்துத் தோளோடு தோள் நின்றவர்கள், ஒப்பந்தம் போட்ட ஆறேழு மாதத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டது ஏன்? வடக்கு அயர்லாந்தை மைக்கேல் காலின்ஸ் விட்டுக்கொடுத்ததுதானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 1922-23 உள்நாட்டுப் போருக்கு என்ன காரணம் என்பது ஒன்று. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான விடுதலைப் போராட்டத் தலைவர் காலின்ஸ் துரோகம் செய்தாரா என்பது இன்னொன்று. நீங்கள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். முதல் கேள்விக்கு ஆவணங்களை வைத்தே உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு ஓரளவுதான் முடியும். கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறு நடத்திய காலத்தில் அநேகமாக ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கேட்கும்போதே பிரிவினைதான் காரணம் என்று முடிவும் கட்டியிருப்பார். அந்த முடிவு முக்கால்வாசி தப்பு.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1916 ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் நடந்த எழுச்சி ஒரு வாரத்தில் அடக்கப்பட்டது. தலைவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் மே மாதத்தில் தவணை முறையில் சுட்டுக் கொன்றதுதான் மக்கள் மனதைத் திருப்பியது. 1918 டிசம்பர் பொதுத் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ விடுதலை கோரிய சின் ஃபெய்ன் கட்சி பிடித்தது. வென்றவர்கள் லண்டனுக்குப் போகாமல், 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் 'டாயில்' என்ற சொந்த நாடாளுமன்றத்தைக் கூட்டி, குடியரசு என்று அறிவித்தார்கள். அதே நாளில் டிப்பரேரி மாவட்டத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொரில்லாப் போருக்கு அதையே தொடக்கமாகச் சொல்வது வழக்கம். இரண்டரை ஆண்டு கழித்து, 1921 ஜூலை 11 அன்று போர் நிறுத்தம் வந்தது.

இந்த ஜூலை 11-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பிரிவினை அதற்கு முன்பே முடிந்துபோன காரியம். 1920 டிசம்பரிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, வடகிழக்கிலுள்ள 6 மாவட்டங்களைத் தனியாக வெட்டியெடுத்துவிட்டது. 1921 மே மாதம் அங்கே தேர்தல் நடந்தது. ஜேம்ஸ் கிரெய்க் பிரதமரானார். ஜூன் 22 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பெல்ஃபாஸ்டுக்கு வந்து புதிய நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தார். காலின்ஸ் லண்டனில் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்தது அக்டோபர் 11. அதாவது, அவர் உட்காரும்போதே வடக்கில் தனி அரசும் தனி நாடாளுமன்றமும் அமைந்துவிட்டிருந்தன. அவர் கையில் இல்லாத ஒன்றை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? திரும்பப் பெற முடியவில்லை என்று சொல்லுங்கள், சரி. விட்டுக்கொடுத்தார் என்பது வேறு குற்றச்சாட்டு.

பேச்சுவார்த்தைக்குப் போன ஐவர்: ஆர்தர் கிரிஃபித், காலின்ஸ், ராபர்ட் பார்ட்டன், எமன் டக்கன், ஜார்ஜ் கேவன் டஃபி. செயலராக எர்ஸ்கின் சில்டர்ஸ். எதிரே பிரதமர் லாயிட் ஜார்ஜ், சர்ச்சில், பர்க்கன்ஹெட் பிரபு, ஆஸ்டின் சேம்பர்லின் என்று அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அரசியலின் பெருந்தலைகள். குடியரசுத் தலைவர் டி வலேரா டப்ளினிலேயே தங்கிவிட்டார். போனவர்களுக்கு முழு அதிகாரம் கொடுக்கப்பட்டது. கூடவே, இறுதி வரைவை டப்ளினுக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்ற அறிவுரையும் கொடுக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று இடிக்கும் இந்த இரண்டு கட்டளைகளைப் பிடித்துக்கொண்டுதான் பிற்பாடு இரு தரப்பும் "நீ மீறினாய், நான் மீறவில்லை" என்று சண்டை போட்டது.

டி வலேரா ஏன் போகவில்லை? குடியரசின் அடையாளமான தலைவர் பேரத்தில் இறங்கக் கூடாது, டப்ளினில் கடைசி முடிவெடுக்க ஒருவர் வேண்டும் என்பவை அவரே சொன்ன காரணங்கள். ஜூலையில் லாயிட் ஜார்ஜைத் தனியாகச் சந்தித்தவர் அவர். குடியரசு கிடைக்காது என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, பழியைச் சுமக்க காலின்ஸை அனுப்பினார் என்று சொல்பவர்கள் உண்டு. தெரிந்தே இருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஏனென்றால், பிரிட்டிஷ் பேரரசு என்னும் நாடுகளின் கூட்டத்தோடு அயர்லாந்தை எப்படி இணைப்பது என்று ஆராயத்தான் அந்த மாநாடே அழைக்கப்பட்டிருந்தது. அந்த அழைப்பை ஏற்றவரும் டி வலேராதான். திட்டமிட்டுப் பலிகொடுத்தார் என்பதற்கோ, பின்னாளில் எழுதியவர்களின் ஊகத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆனால் போகாதது பெரும் பிழை என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

இனி டிசம்பர் 5. பேச்சு முறிய வேண்டுமானால் வடக்குப் பிரச்சினையில் முறியட்டும், மன்னர் விவகாரத்தில் வேண்டாம் என்பது ஐரிஷ் தரப்பின் திட்டம். வடக்கு என்றால் உலகம் அனுதாபப்படும்; மன்னர் என்றால் பிரிட்டிஷ் மக்கள் போருக்குச் சம்மதிப்பார்கள் என்ற கணக்கு. லாயிட் ஜார்ஜ் அதை ஒரு தாளை நீட்டி உடைத்தார். எல்லையைத் திருத்த ஒரு ஆணையம் அமைப்பதென்றால் அந்த யோசனையில் உங்கள் காலை வாரமாட்டேன் என்று நவம்பரில் கிரிஃபித் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தாளில் இருந்தது அதுதான். கிரிஃபித் சொன்ன சொல் தவறாத மனிதர். மற்ற ஐரிஷ் பிரதிநிதிகளுக்கு அந்தத் தாளின் பின்னணியே சரியாகத் தெரியாது. அடுத்ததாக லாயிட் ஜார்ஜ் இரண்டு கடிதங்களைக் காட்டினார்: ஒன்று உடன்பாடு ஏற்பட்டது என்று கிரெய்க்குக்குச் சொல்வது, மற்றது முறிந்தது என்று சொல்வது. லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் நிற்கிறது, ஹோலிஹெட் துறைமுகத்தில் போர்க்கப்பல் நிற்கிறது, எதை அனுப்பட்டும், இரண்டாவது என்றால் மூன்று நாளில் போர் என்றார். பிரதிநிதிகள் தங்கள் ஜாகைக்குத் திரும்பி இரவு பதினொன்று தாண்டும்வரை வாதாடினார்கள். கடைசிவரை மறுத்தவர் பார்ட்டன். டிசம்பர் 6 அதிகாலை இரண்டு மணி கடந்து கையெழுத்தானது. அத்தனை மணி நேரத்தில் ஒருவர்கூட டப்ளினுக்குத் தொலைபேசியில் பேசவில்லை. அந்தப் போர் மிரட்டல் வெறும் சவடாலா, நிஜமா என்று நூறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கிரெய்க்குக்குச் செவ்வாய்க்கிழமை பதில் அனுப்புவதாக லாயிட் ஜார்ஜ் வாக்களித்திருந்தது உண்மை. ஆனால் ஒரு நாள் தள்ளிப்போனால் உலகம் மூழ்கியிருக்காது என்பதே என் எண்ணம்.

ஒப்பந்தத்தில் கிடைத்தது: கனடாவுக்கு இருந்த அதே டொமினியன் அந்தஸ்து (பேரரசுக்குள் தன்னாட்சி), சொந்த ராணுவம், சொந்த வரி, சொந்த நாடாளுமன்றம். கிடைக்காதது குடியரசு என்ற பெயரும் நிலையும். மூன்று துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படையிடமே இருக்கும். மன்னரின் பிரதிநிதியாக கவர்னர் ஜெனரல் ஒருவர் வருவார். டாயில் உறுப்பினர்கள் முதலில் 'ஐரிஷ் சுதந்திர அரசு' என்ற புதிய அரசின் அரசியல் சட்டத்துக்கு விசுவாசமும், பிறகு ஐந்தாம் ஜார்ஜுக்கு உண்மையாக இருப்பதாகவும் உறுதிமொழி எடுக்க வேண்டும். வடக்குக்கு விலகும் உரிமை உண்டு. விலகினால் எல்லை ஆணையம் வரும்.

டப்ளினில் அமைச்சரவை 4-க்கு 3 என்று ஏற்றது. டிசம்பர் 14 முதல் ஜனவரி 7 வரை, நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறையோடு, எர்ல்ஸ்ஃபோர்ட் டெரஸில் இருந்த பல்கலைக்கழகக் கட்டடத்தில் டாயில் விவாதித்தது. உங்கள் கேள்விக்கான நேரடிச் சான்று இந்த விவாதம்தான். அச்சான அறிக்கை 338 பக்கம். அதில் பிரிவினைக்குப் போனது 9 பக்கம் என்று வரலாற்றாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒன்பதிலும் பெரும்பகுதி, எல்லையை ஒட்டிய மானகன் மாவட்டத்து உறுப்பினர்கள் பேசியது. பெல்ஃபாஸ்டில் பிறந்த ஷான் மெக்என்டீ, இந்த ஒப்பந்தம் பிரிவினையை நிரந்தரமாக்கும் என்று எச்சரித்தார். பெரிதாக எதிரொலி எழவில்லை. மற்றவர்கள் அத்தனை பேரும் மன்னர், உறுதிமொழி, குடியரசு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். டி வலேரா மாற்றாக வைத்த 'ஆவணம் எண் 2' என்ற வரைவைப் பாருங்கள்: உறுதிமொழி போய்விட்டது, வடக்கு பற்றிய விதிகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. எதிர்த்தவர்களின் தலைவரே பிரிவினை விஷயத்தில் வேறு வழி வைத்திருக்கவில்லை. எல்லை ஆணையம் வந்தால் கத்தோலிக்கர் அதிகமுள்ள ஃபெர்மானாவும் டைரோனும் தெற்கோடு சேரும், மிச்சம் தாக்குப்பிடிக்காது என்று இரு தரப்பும் நம்பின.

அப்படியானால் ஒரு உறுதிமொழிக்காகவா கொன்றுகொண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு அற்பமாகத் தோன்றும், அவர்களுக்கு அப்படியில்லை. 1919 ஆகஸ்டில் டாயில் உறுப்பினர்களும் தொண்டர் படையினரும் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்திருந்தார்கள். அந்தச் சத்தியத்தின் பேரில் செத்தவர்கள் இருக்கிறார்கள். டாயிலில் இருந்த ஆறு பெண் உறுப்பினர்களும் ஒப்பந்தத்துக்கு எதிராகவே வாக்களித்தார்கள். மார்கரெட் பியர்ஸின் இரண்டு மகன்கள் 1916-இல் சுடப்பட்டவர்கள். கேத்லீன் கிளார்க் கணவரையும் தம்பியையும் அதே மே மாதத்தில் பறிகொடுத்தவர். மேரி மெக்ஸ்வினியின் தம்பி டெரன்ஸ், கார்க் நகர மேயர், லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்தவர். இவர்களைச் செத்தவர்களுக்காகப் பேசும் விதவைகள், தாய்மார்கள் என்று ஒதுக்கப் பார்த்தார்கள் மறு தரப்பினர். அது நியாயமில்லை, மேரி மெக்ஸ்வினி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பேசியதைப் படித்தால், அரசியல் கோட்பாட்டைக் கரைத்துக் குடித்த ஒருவரின் வாதம் தெரியும். காலின்ஸின் வாதம் இதற்கு நேர் எதிர்: இந்த ஒப்பந்தம் நமக்கு இறுதிச் சுதந்திரத்தைத் தரவில்லை, அதை அடைவதற்கான சுதந்திரத்தைத் தருகிறது என்றார். ஜனவரி 7 அன்று 64-க்கு 57 என்று ஒப்பந்தம் நிறைவேறியது.

இங்கேதான் என் கருத்தில் போரின் உண்மையான வேர் இருக்கிறது. குடியரசு ஏற்கெனவே பிரகடனம் செய்யப்பட்டுவிட்டது, அதைக் கலைக்க டாயிலுக்கோ வாக்காளர்களுக்கோ உரிமையில்லை என்றது ஒரு தரப்பு. மக்கள் வாக்குப் போட்டு எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றது இன்னொன்று. மார்ச் மாதம் தொண்டர் படையான ஐ.ஆர்.ஏ.வில் ஒப்பந்தத்தை எதிர்த்த பிரிவைச் சேர்ந்த ரோரி ஓ'கானரிடம் பத்திரிகையாளர்கள், அப்படியென்றால் ராணுவ ஆட்சியா என்று கேட்டபோது, வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏப்ரலில் அவரது ஆட்கள் டப்ளினின் உயர் நீதிமன்றக் கட்டடமான ஃபோர் கோர்ட்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். ஜூன் 16 தேர்தலில் ஒப்பந்த ஆதரவாளர்களுக்கு 58 இடம், எதிர்ப்பாளர்களுக்கு 36. தொழிற்கட்சி, விவசாயிகள், சுயேச்சைகள் என்று மீதி இடங்களைப் பிடித்தவர்களும் ஒப்பந்தத்தை ஏற்றவர்களே. மக்கள் போரில் களைத்துப்போயிருந்தார்கள். ஜூன் 22 அன்று லண்டனில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஃபீல்ட் மார்ஷல் ஹென்றி வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபோர் கோர்ட்ஸை நீ காலி செய்கிறாயா, நாங்கள் செய்யட்டுமா என்று பிரிட்டன் நெருக்கியது. வில்சனைக் கொல்ல உத்தரவிட்டது யார் என்பது இன்றும் தெளிவாகவில்லை. காலின்ஸே என்று ஒரு வலுவான சந்தேகம் உண்டு. ஜூன் 28 விடியற்காலை, பிரிட்டிஷ் ராணுவத்திடம் இரவல் வாங்கிய பீரங்கிகளால் காலின்ஸின் படை சுடத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்கேடுகள் உட்பட, சாம்பலாகி நகரத்தின் மேல் பறந்தன. வேண்டுமென்றே வைத்த கண்ணிவெடியா, குண்டுவீச்சில் தீப்பிடித்ததா என்பதில் இரு தரப்பும் கடைசிவரை ஒன்றையொன்று குற்றம் சொன்னது. வரலாறு படிப்பவனுக்கு இந்தப் போரின் மற்ற இழப்புகளைவிட இதுதான் கண்ணில் உறுத்தும். கொஞ்சம் சுயநலமான வருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12 அன்று கிரிஃபித் நோயில் இறந்தார். பத்து நாள் கழித்து, சொந்த மாவட்டமான கார்க்கில் பேல் நா பிளா என்ற இடத்தில் பதுங்கித் தாக்கியவர்களின் தோட்டாவுக்குக் காலின்ஸ் பலியானார். வயது 31. அங்கே இறந்தவர் அவர் ஒருவர்தான். சுட்டது யார் என்பதற்குப் பெயர்கள் பல சுற்றுகின்றன, எதுவும் நிரூபணமானதில்லை. டி வலேரா ஆளனுப்பிக் கொன்றார் என்ற கதைக்கு ஆதாரமே இல்லை. அதன் பிறகு போர் அசிங்கமாக மாறியது. டிசம்பர் 7 அன்று டாயில் உறுப்பினர் ஷான் ஹேல்ஸ் சுட்டுக் கொல்லப்பட, மறுநாள் காலையே, எந்த விசாரணையும் இன்றி, சிறையிலிருந்த நால்வரை அரசு பழிக்குப் பழியாகச் சுட்டது. அவர்களில் ஒருவர் ரோரி ஓ'கானர். அமைச்சரவையில் அந்த முடிவுக்குச் சம்மதித்தவர்களில் ஒருவர் கெவின் ஓ'ஹிகின்ஸ். பதின்மூன்று மாதம் முன்பு ஓ'ஹிகின்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் இதே ஓ'கானர். 1923 மார்ச்சில் கெரி மாவட்டத்து பாலிசீடியில் ஒன்பது கைதிகளை வெடிகுண்டைச் சுற்றிக் கட்டி வெடிக்கச் செய்தது அரசுப் படை. எட்டுப் பேர் செத்தார்கள். ஸ்டீபன் ஃபுல்லர் என்பவர் தூக்கி வீசப்பட்டு உயிர் பிழைத்தார். அதனால்தான் உண்மை வெளியே வந்தது. மே 24 அன்று எதிர்ப்புப் படை ஆயுதங்களைப் புதைத்துவிட்டு வீடு திரும்ப உத்தரவு போனது. அரசு முறைப்படி நிறைவேற்றிய மரண தண்டனைகள் 77 என்பது பழைய கணக்கு. 81 என்பாரும் உண்டு. மொத்தச் சாவு நாலாயிரம் என்று பழைய புத்தகங்களில் பார்ப்பீர்கள். அண்மை ஆய்வுகள் அதை 1,500-ஐ ஒட்டிக் கொண்டுவந்துவிட்டன.

சரி, வடக்கைக் காலின்ஸ் மறந்தேவிட்டாரா? இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 1922 வசந்தத்தில், ஒரு பக்கம் ஃபோர் கோர்ட்ஸ்காரர்களோடு முறைத்துக்கொண்டே, இன்னொரு பக்கம் அதே எதிர்ப்புப் பிரிவின் தலைவர் லியம் லின்ச்சோடு ரகசியமாகச் சேர்ந்து வடக்கிலுள்ள ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆயுதம் அனுப்பினார் அவர். பிரிட்டன் கொடுத்த துப்பாக்கிகளின் அடையாளம் தெரிந்துவிடும் என்று லின்ச்சின் ஆட்களோடு மாற்றிக்கொண்டு அனுப்பினார்கள். பிரிவினைதான் இவர்களைப் பிரித்தது என்றால் இந்தக் கூட்டு நடந்திருக்க முடியாது. அந்த மே மாதத் தாக்குதல் படுதோல்வி. எல்லை ஆணையம் 1925-இல்தான் வேலையை முடித்தது; சிறிய திருத்தங்களைத் தவிர வேறெதுவும் பரிந்துரைக்கவில்லை, தெற்கின் டானிகாலில் ஒரு துண்டு வடக்குக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது. செய்தி முன்கூட்டியே ஒரு லண்டன் நாளிதழில் கசிந்ததும் டப்ளின் அரசு பதறிப்போய், இருக்கும் எல்லையே இருக்கட்டும் என்று டிசம்பரில் கையெழுத்திட்டது. அறிக்கையைப் பூட்டிவைத்தார்கள், 1969-இல்தான் வெளியானது. வடக்கை விட்டுக்கொடுத்த கையெழுத்து என்று ஒன்றைத் தேடினால் அது இதுதான். அப்போது காலின்ஸ் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

துரோகமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1927-இல் ஓ'ஹிகின்ஸ் கொலைக்குப் பிறகு வந்த சட்டத்தால் டி வலேராவின் புதிய கட்சியான ஃபியன்னா ஃபாயில் டாயிலுக்குள் வரவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. எந்த உறுதிமொழிக்காகப் போர் நடந்ததோ அதே ஏட்டில் டி வலேரா கையெழுத்துப் போட்டார். பைபிளை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, இது வெறும் சடங்கு, நான் உறுதிமொழி எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லிப் போட்டார். 1932-இல் ஆட்சிக்கு வந்தார். 1933-இல் உறுதிமொழியை ஒழித்தார். 1937-இல் புது அரசியல் சட்டம். 1938-இல் துறைமுகங்கள் திரும்பி வந்தன. 1949 ஈஸ்டர் திங்களன்று அயர்லாந்து முறைப்படி குடியரசானபோது ஆட்சியில் இருந்தது காலின்ஸ் தரப்பின் வாரிசுகளான ஃபினா கேல் தலைமையிலான கூட்டணி. காலின்ஸ் சொன்ன வழியில்தான் காரியம் நடந்தது, அதிலும் பெரும்பகுதியை நடத்திக்காட்டியவர் டி வலேரா என்பதால் காலின்ஸே சரி என்று பலர் தீர்ப்பு எழுதுவார்கள். நானும் அந்தப் பக்கம் சாய்பவன்தான். ஆனால் 1931-இல் டொமினியன்களுக்குச் சட்ட சுதந்திரம் கொடுத்து லண்டன் இறங்கிவரும் என்று 1921-இல் யாராலும் உத்தரவாதம் தந்திருக்க முடியாது. மேரி மெக்ஸ்வினி அன்று சந்தேகப்பட்டதில் முட்டாள்தனம் ஏதுமில்லை.

இணையத்தில் இதைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. "இன்று என் மரண சாசனத்தில் கையெழுத்திட்டேன்" என்று காலின்ஸ் எழுதியதாக வரும் கடிதமும், வரலாறு காலின்ஸின் மகத்துவத்தை என் செலவில் பதிவு செய்யும் என்று முதுமையில் டி வலேரா சொன்னதாக வரும் வாசகமும் எல்லா இடத்திலும் உலவுகின்றன. இரண்டின் மூலமும் பலவீனமானது. பரீட்சைத் தாளில் எழுதுவதானால் "சொல்லப்படுகிறது" என்று போட்டுக்கொள்ளுங்கள். மூலத்தைப் படிக்க ஆசையிருந்தால், ஒப்பந்த விவாதம் முழுவதும் ஐரிஷ் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1921 டிசம்பர் 19-ஆம் தேதியில் தொடங்குங்கள்: முதலில் கிரிஃபித், பிறகு டி வலேரா, மதியத்துக்கு மேல் காலின்ஸ். 21-ஆம் தேதி மேரி மெக்ஸ்வினி, அடுத்த நாள் மெக்என்டீ. நடுவில் விதிமுறைச் சண்டை நிறைய வரும், அவற்றைத் தாண்டிப் போகலாம்.